மடியும் வாரசூலையும்: ரவுண்ட் ராக் தமிழ்க் குடும்பங்களின் கைக்குழந்தை ரயில் பயணம் பற்றிய ஆய்வு

கைக்குழந்தையை உடன்கொண்டு ரயிலேறித் தேசியப் பூங்காவுக்குச் செல்லுதல் என்னும் செயல் நான்கு உறுப்புகளை உடையது; அவை குழந்தை, குடும்பம், ரயில், பூங்கா என்பன. இவற்றுள் கைக்குழந்தை என்பது ஈண்டு இரண்டு வயது நிரம்பாத குழந்தையைக் குறிக்கும். அமெரிக்கப் பயணிகள் ரயில் நிறுவனமாகிய ஆம்ட்ராக், பெரியவர் ஒருவரோடு இவ்வயதுக்கு உட்பட்ட குழந்தை ஒன்றைத் தனி இருக்கை தராமல் கட்டணமின்றி ஏற்றிக்கொள்வதே இவ்வரையறைக்கு ஆதாரம். குடும்பம் என்பது கணவன், மனைவி, ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா, பாட்டி ஆகியோரின் தொகுதி. பூங்கா என்றவுடன் ஊஞ்சலும் சறுக்குமரமும் சுண்டல் விற்பவரும் நினைவுக்கு வருவது தமிழ் வாசகர்க்கு இயல்பாயினும், இங்குச் சுட்டப்படுவது டெக்சஸ் மாநிலத்தின் மேற்கு மூலையில், ரியோ கிராண்டே ஆற்றின் வளைவில், 8 லட்சம் ஏக்கருக்கும் மிகுந்த பரப்பில் பாலையும் மலையுமாய்க் கிடக்கும், 1944இல் நிறுவப்பட்ட பிக் பெண்ட் தேசியப் பூங்கா ஆகும். இங்குச் சுண்டல் கிடைக்காது.

பயணம் புறப்படும் இடமான ரவுண்ட் ராக், ஆஸ்டின் நகருக்கு வடக்கே பிரஷி ஓடையின் கரையில் உள்ளது. ஓடைப்படுகையில் இன்றும் கிடக்கும் உருண்டைப் பாறையே ஊர்ப்பெயருக்குக் காரணம் என்பதும், 19ஆம் நூற்றாண்டில் மாட்டு மந்தைகளை வடக்கே ஓட்டிச் சென்றவர்கள் ஓடையைக் கடக்கும் துறைக்கு அப்பாறையையே அடையாளமாகக் கொண்டனர் என்பதும் உள்ளூர் வரலாறு. இன்று டெல் கணினி நிறுவனத்தின் தலைமையகம் இவ்வூரில் இருப்பதும், சுற்றுவட்டாரத்தில் மென்பொருள் வேலைகள் பெருகியிருப்பதும், தமிழ்க் குடும்பங்கள் இங்குக் குடியேறியதற்குப் போதிய விளக்கமாகும். ஊருக்கு 1876லேயே ரயில் பாதை வந்துவிட்டது. சிகாகோவுக்கும் சான் அன்டோனியோவுக்கும் இடையே நாள்தோறும் ஓடும் டெக்சஸ் ஈகிள் வண்டி இன்றும் இவ்வூரின் ஊடாகவே போகிறது, வருகிறது, ஆனால் நிற்பதில்லை. ஆகவே ரவுண்ட் ராக்கில் வசிப்பவர் ரயிலேற வேண்டுமாயின் கிழக்கே டெய்லருக்கோ தெற்கே ஆஸ்டினுக்கோ காரில் போயாக வேண்டும். டெய்லரில் ஏறியவர்கள் சற்று நேரத்தில் தங்கள் ஊருக்குள்ளேயே ரயிலில் திரும்பி வந்து, வீட்டுத் தெருவின் திக்கைச் சன்னல் வழியே குழந்தைக்குச் சுட்டிக்காட்டிவிட்டு, மேற்கொண்டு போவர்.

இதனால் பயணிகளிடையே இரு மரபுகள் தோன்றியுள்ளன எனலாம். கார் நிறுத்த எளிது என்றும், நெரிசலில்லை என்றும் கூறி டெய்லரைக் கொள்வோர் ஒரு சாரார். வண்டி வரும்வரை குழந்தையோடு காத்திருப்பதற்கு ஆளும் அறையும் உள்ள நிலையமே வேண்டும் என்று ஆஸ்டினைக் கொள்வோர் மற்றொரு சாரார். இவ்விரு மரபினர்க்கும் இடையிலான வழக்கை வசதியை மட்டும் அளவுகோலாக வைத்துத் தீர்க்க முயல்வது பயன் தராது. ஏனெனில் இங்கு வாரசூலை குறுக்கிடுகிறது. வாரசூலை என்பது, குறித்த கிழமையில் குறித்த திசை நோக்கிப் பயணம் புறப்படலாகாது என்னும் பஞ்சாங்க விதி. டெக்சஸ் ஈகிளில் நாள்தோறும் ஏறலாம் எனினும், அதன் சில பெட்டிகள் சான் அன்டோனியோவில் கழற்றப்பட்டு, லாஸ் ஏஞ்சலிஸ் செல்லும் சன்செட் லிமிடெட் வண்டியோடு இணைக்கப்படுவது வாரத்தில் மூன்று நாட்கள் மட்டுமே; ரவுண்ட் ராக் பயணியின் கணக்கில் அவை திங்கள், புதன், சனி மாலைகள். திங்களும் சனியும் கிழக்கே சூலம். புதன் வடக்கே சூலம். தெற்கே சூலம் வியாழனுக்கு உரியது. எனவே தெற்கு நோக்கிப் புறப்படும் ஆஸ்டின் மரபினர்க்கு மூன்று நாளும் தடையில்லை. கிழக்கு நோக்கிப் புறப்படும் டெய்லர் மரபினர்க்குப் புதன் ஒன்றே குற்றமற்ற நாள். ஆயினும் திங்கள், சனிக்கிழமைச் சூலங்களுக்குப் பஞ்சாங்கம் விதிக்கும் பரிகாரம் தயிர் என்பதையும், கைக்குழந்தையோடு புறப்படும் எந்தத் தமிழ்ப் பாட்டியின் பையிலும் தயிர்சாதம் இல்லாதிருக்காது என்பதையும் இயைத்து நோக்கின், டெய்லர் மரபு முற்றிலும் தள்ளத்தக்கதன்று என்பது புலனாகும்.

இனி, இப்பயணத்தை ஏன் ரயிலில் மேற்கொள்ள வேண்டும் என்னும் அடிப்படை வினாவுக்கு வருதல் வேண்டும். ரவுண்ட் ராக்கிலிருந்து பிக் பெண்டுக்குக் காரில் 7 அல்லது 8 மணி நேரத்தில் போய்விடலாம். ரயிலிலோ, மாலை 5 மணியைத் தாண்டி டெய்லரில் ஏறினால், மறுநாள் நண்பகலுக்குப் பின் ஆல்பைன் என்னும் சிற்றூரில் இறங்க ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகும். அங்கிருந்து பூங்காவின் நடுப்பகுதி மேலும் சுமார் 100 மைல். அட்டவணை சொல்வது இவ்வளவுதான். நடப்பது இதனினும் மிகும். சரக்கு வண்டிகளைவிடப் பயணிகள் வண்டிக்கே முன்னுரிமை தர வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் 1973 முதல் கூறிவந்தாலும், தண்டவாளம் சரக்கு ரயில் நிறுவனங்களுக்குச் சொந்தம் என்பதாலும், சன்செட் லிமிடெட்டின் தாமதம் பற்றி 2023இல் அரசின் தரைவழிப் போக்குவரத்து வாரியமே விசாரணை தொடங்கும் அளவுக்கு நிலைமை முற்றியது என்பதாலும், 20 மணி நேரம் என்பதைக் கீழ்வரம்பு என்று கொள்வதே அறிவுடைமை. இருமடங்குக்கும் மேற்பட்ட நேரத்தை விரும்பிச் செலவிடும் ஒரு குடும்பத்தை, அதுவும் மணிக்கணக்கில் ஊதியம் எண்ணும் தொழிலினரை, பொருளியல் கொண்டு விளக்க இயலாது.

விளக்கம் மடியில் உள்ளது. டெக்சஸ் சட்டப்படி, 4 அடி 9 அங்குல உயரம் எட்டாத, 8 வயதுக்குட்பட்ட எவரும் ஓடும் காரில் குழந்தை இருக்கையில் கட்டப்பட்டே இருத்தல் வேண்டும். அதிலும் கைக்குழந்தையை முதுகு முன்னோக்கும்படி, முகம் பின்னோக்கும்படி வைப்பதே முறை. ஆகவே காரில் 8 மணி நேரம் போகும் பாட்டி, பேரக்குழந்தைக்குப் பக்கத்திலேயே அமர்ந்திருந்தாலும், அழும் குழந்தையைத் தூக்க இயலாமல், கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டும், ‘நிறுத்தேம்பா, நிறுத்தேம்பா’ என்று மகனிடம் முறையிட்டுக்கொண்டும் வருவதே நிகழ்கிறது. ரயிலில் இவ்விதி இல்லை. பத்தாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து பேரக்குழந்தையை மடியில் வைத்துக்கொள்வதற்கென்றே வந்த ஒருவருக்கு, அந்த மடியைத் தரையில் ஓடும் வாகனம் ஒன்றில் சட்டபூர்வமாக மீட்டுத் தருவது ரயில்தான். கூடுதலாகும் மணிகள் மடியின் விலை. இதனை ‘மடிக்கோட்பாடு’ என்று இவ்வாய்வு பெயரிடுகிறது. பூங்கா இக்கோட்பாட்டில் ஒரு சாக்கு மட்டுமே.

மடியின் ஆட்சிக்காலம் எவ்வளவு என்பதற்கு விடை ஆம்ட்ராக் விதியிலும் உண்டு, பாட்டியல் நூல்களிலும் உண்டு. குழந்தையின் வளர்ச்சியைப் பாடும் பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியத்துக்குப் பாட்டியலார் பத்துப் பருவங்களை வகுத்து, அவற்றைக் குழந்தையின் 3ஆம் மாதம் முதல் 21ஆம் மாதம் வரை ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் மாதங்களில் அடக்குவது ஒரு மரபு. 21 மாதத்தோடு பிள்ளைத்தமிழ் முடிகிறது; 24 மாதத்தோடு இலவசப் பயணம் முடிந்து அரைக் கட்டணம் தொடங்குகிறது. கடலுக்கு இப்பாலும் அப்பாலும் ஒருவரை ஒருவர் அறியாது விதி செய்தோர் மூன்று மாத வேறுபாட்டில் ஒத்துப்போவதைத் தற்செயல் என்று தள்ளுவதற்கு மிகுந்த துணிவு வேண்டும். தவழத் தொடங்கி, ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டித் தலைநிமிர்ந்து ஆடும் செங்கீரை 5ஆம் மாதத்தது, தாலாட்டுக்குரிய தால் 7, கைகொட்டி மகிழும் சப்பாணி 9, முத்தம் 11, தளர்நடையிட்டு வரும் வாரானை 13, நிலவை விளையாட அழைக்கும் அம்புலி 15. வாரானைப் பருவம் வந்துவிட்ட குழந்தை ஓடும் ரயிலில் மடியை ஏற்காது என்பதும், இவற்றுக்கு முந்தைய முதற்பருவமாகிய காப்புப் பருவத்துக் குழந்தையை வெளியே கொண்டுபோகப் பாட்டியரே இசையார் என்பதும் கொண்டு, பயணத்துக்குரியவை செங்கீரை முதல் முத்தம் வரையிலான நான்கு பருவங்களே என்பது தேறும்.

இவற்றோடு நுழைவுரிமையையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும். சுற்றுலா விசாவில் வருவோர்க்குப் பொதுவாக ஆறு மாதத் தங்கலே கிடைப்பதால், பேறுகாலத்துக்கு ஒரு மாதம் முன்பே வரும் அம்மாவைப் பெற்றவர்கள் குழந்தைக்கு ஐந்து மாதம் ஆகும்போது விமானம் ஏற, அப்பாவைப் பெற்றவர்கள் அப்போது வந்து இறங்குவதே பெருவழக்கு. இதன்படி காப்பும், எஞ்சினால் செங்கீரையின் விளிம்பும் தாய்வழிப் பாட்டிக்கு. தாலும் சப்பாணியும் முத்தமும் தந்தைவழிப் பாட்டிக்கு. கண்விழித்துப் பத்தியச் சமையல் செய்தவர் ஒருவர், மடியில் வைத்துக்கொண்டு மேற்கு டெக்சஸ் பார்த்தவர் இன்னொருவர் என்னும் இந்த ஏற்றத்தாழ்வு, சம்பந்திகளுக்கு இடையே தொலைபேசியில் வெளிப்படையாகப் பேசப்படுவதில்லை. ‘படம் எல்லாம் பார்த்தோம், நல்லா இருந்தது’ என்னும் ஒற்றைத் தொடரில் அது அடங்கியிருக்கும். பூங்காவின் கோடை 100 பாரன்ஹீட்டை எளிதில் தாண்டும் என்பதால், நவம்பர் முதல் மார்ச் வரையே செல்லத்தக்க காலம். ஆகவே சப்பாணிப் பருவத்தில் பயணம் அமைய வேண்டுமாயின் குழந்தை பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் இடையே பிறந்திருத்தல் நலம். இதனை முன்கூட்டியே திட்டமிட்ட குடும்பம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

வண்டியின் உள்ளமைப்பு தனியே ஆராயத்தக்கது. சூப்பர்லைனர் எனப்படும் இப்பெட்டிகள் இரண்டு தளம் உடையவை. பெரும்பாலான இருக்கைகள் மேல்தளத்தில், கழிப்பறைகள் கீழ்த்தளத்தில், இரண்டையும் இணைப்பது குறுகலாகத் திரும்பித் திரும்பி இறங்கும் படிக்கட்டு. ஒரு பெட்டியிலிருந்து மறுபெட்டிக்குப் போகும் வழி மேல்தளத்தில் மட்டுமே உண்டு. டயாபர் மாற்ற வேண்டிய ஒவ்வொரு முறையும், ஒரு கையில் குழந்தையும் மறு கையில் பையும் கொண்டு, பிடிப்பதற்கு மூன்றாவது கை இல்லாமல், ஆடும் படிக்கட்டில் இறங்க வேண்டும் என்பதால், அப்பணி மகன்வசம் வந்து சேர்கிறது. தன் தந்தை வாழ்நாளில் ஒருமுறையும் செய்யாத வேலையை அவர் கண்முன்னே அவன் செய்வதும், அவர் அவ்வேளையில் சன்னலுக்கு வெளியே தீவிரமாகப் பார்ப்பதும் இப்பயணத்தின் சமூகவியல் பயன்களுள் ஒன்று. முழங்கால் வலியுள்ள பாட்டிக்குக் கீழ்த்தள இருக்கை கேட்டுப் பெறலாம். ஆனால் பெற்றபின் அவர் வேறெங்கும் போக முடியாது, ஏனெனில் உணவுப் பெட்டிக்கும் கண்ணாடிச் சன்னல்கள் சூழ்ந்த காட்சிப் பெட்டிக்கும் மேலே ஏறித்தான் போக வேண்டும். அத்தகைய நிலையில் குழந்தையும் கீழேயே தங்கிவிடுவதைக் காணலாம். மடிக்கோட்பாட்டுக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இப்பெட்டிகளில் தூளி கட்ட இடமில்லை என்பது தாத்தாவின் நிலையான குறை. நெல்லை எக்ஸ்பிரஸிலோ பாண்டியன் எக்ஸ்பிரஸிலோ மேல்படுக்கையைத் தாங்கும் சங்கிலியில் பழைய பருத்திப் புடவையைக் கட்டி, குழந்தையை அதில் இட்டு, வண்டியின் ஆட்டத்தையே ஆட்டும் கையாக்கிக்கொள்வது தமிழ் ரயில் பயணத்தின் முதிர்ந்த தொழில்நுட்பம். இந்திய ரயில்வே 2022 மே மாதத்தில் லக்னோ மெயிலில் கீழ்ப்படுக்கையோடு இணைந்த குழந்தைப் படுக்கையைச் சோதனையாக அமைத்தபோது, அது செய்தியாயிற்று. புடவை ஒருநாளும் செய்தியானதில்லை. அங்கே 5 வயதுவரை கட்டணம் இல்லை என்பதையும் தாத்தா நடத்துநர் காதில் விழும்படி தமிழில் கூறுவது உண்டு.

உணவைப் பொறுத்தவரை நீண்ட விளக்கம் தேவையில்லை. கொண்டுவந்ததைத் தத்தம் இருக்கையில் உண்ணலாம், ஊழியர்கள் சூடாக்கித் தர மாட்டார்கள் என்னும் இரண்டு விதிகளும், சூடாக்கத் தேவையில்லாத புளியோதரையையும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியையும் கண்டறிந்த ஒரு நாகரிகத்தை எவ்வகையிலும் பாதிப்பதில்லை. குழந்தைக்குரிய பருப்புச்சாதம் மட்டும் வாயகன்ற பிளாஸ்கில் போகிறது. புளியோதரை திறக்கப்படும் கணத்தில் முன்னிருக்கையில் ஒரு தலை திரும்புவதும், குழந்தையைக் கண்டு அத்தலை புன்னகைப்பதும், கண்ட உடனே பாட்டி குழந்தையின் கன்னத்துத் திருஷ்டிப்பொட்டு அழியாமல் இருக்கிறதா என்று பார்ப்பதும் அடுத்தடுத்து நிகழ்வன.

இரவு 10 மணியளவில் சான் அன்டோனியோவை அடையும் பெட்டிகள், அதிகாலை 3 மணிக்குச் சற்று முன்புவரை அங்கேயே கிடக்கும். தாலப் பருவத்துக் குழந்தையின் துயிலுக்கு வண்டியின் ஓட்டம் துணை, நிற்றல் பகை என்பதை ஊர்ப் பயணங்களில் எல்லாரும் அறிந்திருந்தும், ஐந்து மணி நேர நிற்றலை யாரும் எதிர்பார்த்து வருவதில்லை. பெட்டிகளை முன்னும் பின்னும் தள்ளி இணைக்கும்போது ஓர் அதிர்வும், மின்னிணைப்பு மாறும் இடைவெளியில் விளக்கும் குளிரூட்டியும் நின்று ஓர் அமைதியும் உண்டாகும். அந்த அமைதியை நிரப்பும் பொறுப்பைக் குழந்தை ஏற்கிறது. அப்போது மருமகள் பாடும் திரைப்பாடல் பயனற்றுப்போய், பாட்டியின் சொற்களற்ற ‘உளூளூளாயி’ வெற்றி பெறுவதை உடன் பயணிப்போர் அனைவரும் நன்றியோடு ஒப்புக்கொள்வர்.

காலையில் பீக்கஸ் ஆற்றின்மேல் மிக உயரத்தில் செல்லும் பாலத்தை வண்டி கடக்கும். இப்பகுதியில்தான் 1883 ஜனவரியில் கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்த தண்டவாளங்கள் இணைந்து, வெள்ளி ஆணி அறையப்பட்டது. தாத்தா பாலத்தைப் பார்க்கிறார், அப்பா பாலத்தைப் படமெடுக்கிறார், அம்மா தூங்குகிறார், பாட்டி குழந்தையைப் பார்க்கிறார். குழந்தை, முன்னிருக்கையின் முதுகில் உள்ள மடிப்புப் பலகையின் கொக்கியை இடப்பக்கம் திருப்பினால் பலகை விழுகிறது என்பதை அக்கணத்தில் கண்டுபிடித்து, விழவைத்து, யாரேனும் தூக்கி நிறுத்தியதும் மீண்டும் விழவைத்து, ஆற்றைத் தாண்டியபின்னும் நெடுநேரம் அதே சோதனையில் ஈடுபட்டிருக்கிறது. கண்டுபிடிப்பின் தரத்தை நோக்க, இதனைக் குறைகூற இடமில்லை.

ஆல்பைனில் மடியின் ஆட்சி முடிகிறது. ரயில் நிறுவனங்கள் கிராண்ட் கேன்யன் விளிம்புவரை 1901இல் பாதை இட்டும், கிளேசியர் பூங்காவில் தாமே விடுதிகள் கட்டியும் பயணிகளைக் கொண்டுபோய்ச் சேர்த்த பெருமை பிக் பெண்டுக்கு வாய்க்கவில்லை. பூங்காவுக்குப் பொதுப் பேருந்தும் இல்லை. வாடகைக் கார் எடுத்தே தீர வேண்டும். கார் எடுத்தால் குழந்தை இருக்கை வேண்டும். ஆகவே அந்தக் கனத்த இருக்கை ரவுண்ட் ராக்கிலிருந்தே ரயிலில் ஏறி, யாரும் அமராமல், எவரும் மதிக்காமல், அத்தனை மணி நேரமும் உடன்வந்திருக்கிறது. இப்போது அதன் முறை.

பூங்காவில் சாண்டா எலீனா பள்ளத்தாக்கின் 1500 அடிச் சுவர்களும், அவற்றுக்கு இடையே அமெரிக்காவையும் மெக்சிகோவையும் பிரித்தோடும் ஆறும் கண்டு வியக்கத்தக்கவை. குழந்தை ஆற்றங்கரைக் கூழாங்கல்லை வாயில் வைக்கிறது என்பதால் பிறர் அவற்றை முழுமையாகக் காண்பதில்லை. 105 பாரன்ஹீட் வெப்பமுள்ள வெந்நீர் ஊற்றைக் கையால் தொட்டுப் பார்த்த பாட்டி, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட ஏற்ற பதந்தான், ஆனால் விளாவத் தண்ணீர் இல்லையே என்று கூறுவது நீரியல் நோக்கில் சரியான மதிப்பீடு. பூங்கா 2012இல் இருள்வானப் பூங்காவாக, அதாவது செயற்கை வெளிச்சம் மிகக் குறைந்து விண்மீன்கள் தெளிவாய்த் தெரியும் இடமாக, ஏற்பு பெற்றது. ஆதலால் பால்வழி மண்டலத்தைப் படமெடுக்க விரும்பும் மகன் அமாவாசையை ஒட்டி நாள் குறிக்கிறான். அமாவாசை இருட்டில் கைக்குழந்தையை வெளியே கொண்டுபோனால் காத்துக் கருப்பு அண்டும் என்பது ஒருபுறம். நிலா இல்லாமல் சோறு ஊட்டுவது எப்படி என்பது மறுபுறம். இலக்கணம் 15ஆம் மாதத்துக்கு வைத்த அம்புலியை, முதல் பருப்புச்சாதத்தோடு 7ஆம் மாதமே தொடங்கிவிட்ட பாட்டிக்கு, ஆயிரக்கணக்கான விண்மீன்கள் ஒரு நிலாவுக்கு ஈடாகா. இம்முரணுக்குத் தீர்வு பிறை நாட்களே. முன்னிரவில் நிலா சோற்றுக்கு உதவி மறைந்துவிட, பின்னிரவு ஒளிப்படத்துக்கு எஞ்சும்.

திரும்பும் வழியில் ஆல்பைனுக்குத் தெற்கே நெடுஞ்சாலையில் எல்லைக் காவற்படையின் சோதனைச் சாவடி உண்டு. வடக்கு நோக்கி வரும் வாகனம் ஒவ்வொன்றும் நிறுத்தப்பட்டு, உள்ளிருப்போர் அமெரிக்கக் குடிமக்களா என்று வினவப்படும். ஓட்டும் மகனும் அருகிலிருக்கும் மருமகளும் வேலை விசாவினர்; பின்னிருக்கையில் கடவுச்சீட்டுகளை மஞ்சள் பையோடு மார்பில் அணைத்திருக்கும் இருவரும் சுற்றுலா விசாவினர். வாகனத்திலுள்ள ஒரே அமெரிக்கக் குடிமகள் முகம் பின்னோக்கிக் கட்டப்பட்டிருப்பதால் அதிகாரியைப் பார்க்க வழியில்லை. பேச்சும் இன்னும் வரவில்லை. எனினும் கேள்வியின் ஓசை கேட்டவுடன் அவள் சப்பாணி கொட்டுகிறாள், அதிகாரியும் போகலாம் என்று கையசைக்கிறார், கார் நகர்ந்தபின்னும் பாட்டி அவருக்குப் பதில் கையசைத்துக்கொண்டே வருகிறார்.